பண் எழுதாத செய்தி

திருகோணமலைப் பக்கத்தில் ஒருவரை வாழ்த்தவும் சபிக்கவும் ஒரே சொற்றொடர் போதும்: "நல்லா இருங்கோ." கல்யாண வீட்டில் பெரியவர் தலையில் கைவைத்துச் சொன்னால் அது ஆசீர்வாதம். காணிச் சண்டையில் வேலியைப் பிடித்துக்கொண்டு அயலவர் சொன்னால், கேட்டவருக்கு அன்றிரவு நித்திரை வராது. எழுத்தில் இரண்டுக்கும் ஒரு புள்ளிகூட வித்தியாசம் கிடையாது. ரொறன்ரோவில் இருக்கும் மச்சான் வட்ஸ்அப்பில் அனுப்பிய "நல்லா இருங்கோ" எந்த வகையைச் சேர்ந்தது என்று உப்புவெளியில் ஒரு குடும்பமே கூடியிருந்து ஆராய்ச்சி செய்ய வேண்டியிருக்கிறது.

கைத்தொலைபேசி வந்ததால் மனிதர்கள் கெட்டுப்போனார்கள் என்று இதற்குச் சுலபமாகத் தீர்ப்பு எழுதிவிடலாம். ஆனால் கேள்வி கைத்தொலைபேசியைவிட மிகப் பழையது. உணர்ச்சி சொல்லில் இருக்கிறதா, சொல்பவரின் குரலில் இருக்கிறதா, கேட்பவரின் நெஞ்சில் இருக்கிறதா? வேதத்தையோ பதிகத்தையோ ஏட்டில் ஏற்றிய ஒவ்வொரு சமயமும் இந்தக் கேள்வியில் முட்டிக்கொண்டிருக்கிறது.

அதைப் பேசுவதற்குத் திருகோணமலை பொருத்தமான ஊர். கோணேசருக்குரிய தேவாரமே கடல் தாண்டி வந்த செய்திதான். 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த திருஞானசம்பந்தர் ஈழத்துக்கு வரவில்லை. இராமேசுவரத்தில் நின்றபடியே கோணமலையையும் மன்னார்ப் பக்கத்துத் திருக்கேதீச்சரத்தையும் பாடினார் என்று 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் எழுதுகிறார். கோணமலைப் பதிகம் மூன்றாம் திருமுறையில் 123ஆவதாக நிற்கிறது. கண்ணால் காணாத மலையைப் பாட வந்தவர் காட்சியில் தொடங்கவில்லை. கழலும் சிலம்பும் எழுப்பும் ஓசையில் தொடங்குகிறார். பிறகு கடல் இரைகிறது. தூரத்தில் இருப்பவருக்கு முதலில் எட்டுவது ஒலி என்பதை அந்தப் பிள்ளை அறிந்திருந்ததுபோலத் தோன்றும்.

பதிகத்தின் தலைப்பில் ஊர்ப் பெயரோடு இன்னொரு பெயரும் இருக்கும்: பண் புறநீர்மை. ஓதுவார்கள் இன்று அதைப் பூபாள இராகத்தில், விடியற்காலைக்குரிய பண்ணாகப் பாடுகிறார்கள். சம்பந்தரின் மூன்று திருமுறைகளும் பண் வரிசையிலேயே அடுக்கப்பட்டவை. ஏட்டைத் தொகுத்தவர்கள் சொல்லை மட்டும் அனுப்பினால் போதாது என்று நினைத்திருக்கிறார்கள். இன்ன குரலில் இதை எடு என்ற கட்டளையும் சொல்லோடு சேர்ந்தே போக வேண்டும்.

ஆனால் பண்ணின் பெயர் பண் ஆகாது. திருமுறை கண்ட வரலாறு இதை உறைக்கச் சொல்கிறது. தில்லையில் பூட்டிக் கிடந்த அறையை அரசன் திறப்பித்தபோது ஏடுகளைப் புற்று மூடியிருந்தது. அரித்தது போக எஞ்சியதை நம்பியாண்டார் நம்பி வகுத்தார். பாட்டு கிடைத்துவிட்டது, பாடும் முறை கிடைக்கவில்லை. அதற்காக எருக்கத்தம்புலியூருக்குப் போனார்கள். சம்பந்தரோடு யாழ் வாசித்துத் திரிந்த திருநீலகண்ட யாழ்ப்பாணரின் வழியில் வந்த ஒரு பெண் அங்கே இருந்தாள். அவள் வாயிலிருந்துதான் பண்கள் மீண்டன என்கிறது புராணம். அரசனிடமும் அந்தணரிடமும் இல்லாதது பாணர் குலத்துப் பெண்ணின் தொண்டையில் இருந்தது. இதை எவ்வளவு தூரம் வரலாறாகக் கொள்வது என்பது வேறு கேள்வி. சைவர்கள் தங்கள் மறை மீண்ட கதையை இப்படித்தான் சொல்லத் தேர்ந்தார்கள் என்பதே கவனிக்கத்தக்கது.

1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தார்கள். இன்றைய ஆலயத்துக்குக் குடமுழுக்கு நடந்தது 1963இல். இடையில் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் அந்தப் பாறையில் பழைய கோயில் இல்லை; பதிகம் இருந்தது. காரைதீவில் 1892இல் பிறந்து, திருகோணமலை இந்துக் கல்லூரியில் அதிபராகவும் இருந்த சுவாமி விபுலானந்தர், பழைய நூல்களில் பெயராக மட்டும் எஞ்சிய யாழையும் பண்ணையும் கணக்குப் போட்டு மீட்கப் பல்லாண்டு உழைத்தார். யாழ்நூல் 1947இல் வெளிவந்தது. அதே ஆண்டில் அவர் மறைந்தார். ஒரு தொனி ஏட்டிலிருந்து நழுவினால் அதைத் தேடிப் பிடிப்பதற்கு ஓர் ஆயுள் தேவைப்படுகிறது.

சைவர்கள் மட்டும் இதைக் கண்டுகொண்டவர்கள் அல்லர். கிண்ணியாவிலும் மூதூரிலும் குர்ஆன் மத்ரஸாவில் உட்காரும் பிள்ளைக்கு முன்னால் அச்சிட்ட பிரதி திறந்திருக்கிறது. எங்கே நீட்டுவது, எங்கே நிறுத்துவது என்ற குறிகள் அதில் உண்டு. இருந்தும் பிள்ளை மௌலவியின் வாயைப் பார்த்தே ஓதப் பழகுகிறது. புத்த பகவானின் போதனை அலுவிகாரையில் ஏட்டில் ஏறி இரண்டாயிரம் ஆண்டுகளாகின்றன என்பது சிங்கள மரபு. ஆனாலும் விகாரையில் பிரித் ஓதுவது நிற்கவில்லை. கிறித்தவர்களிடம் உள்ள சான்று இன்னும் நெருக்கமானது. கலாத்தியருக்குக் கோபத்தோடு எழுதிக்கொண்டிருந்த பவுல், நான்காம் அதிகாரத்தின் நடுவில், இப்போதே உங்களோடு இருந்து வேறு தொனியில் பேச முடியாதா என்று ஏங்குகிறார். கொரிந்தியரிலோ அவருடைய கடிதங்கள் கடுமையானவை, நேரில் ஆள் பலவீனமானவர் என்று சிலர் குறை சொன்னதை அவரே பதிவு செய்கிறார். பேஸ்புக்கில் புலியாகவும் நேரில் பூனையாகவும் இருப்பவர்களைப் பற்றிய புகார் புதியதல்ல.

இங்கே சைவ சித்தாந்தம் ஒரு கருவியைக் கையில் தருகிறது. வாக்கு நான்கு வகை: சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி. சிவஞான சித்தியார் படித்தவர்களுக்கு இது தெரியும். வைகரி என்பது பிறர் செவிக்கும் கேட்கும் பேச்சு. மத்திமையில் சொல் உருவாகிவிட்டது, வரிசையாகவும் நிற்கிறது, ஆனால் வெளியே கேட்காது. பேசுபவருக்கு உள்ளுக்குள் மட்டும் தெரியும். கைத்தொலைபேசியில் தட்டச்சிடும் செய்தி இந்த மத்திமையில் நின்றபடியே கடல் தாண்டிப் போகிறது. வைகரி ஆக்குபவர் வாசிக்கிறவர். அவர் அதற்குக் கொடுப்பது அனுப்பியவரின் குரலை அல்ல. அந்த நேரத்தில் தன்னிடம் என்ன குரல் இருக்கிறதோ அதை. சம்பளம் பிந்திய நாளில் வரும் "சரி" ஒன்று, மழை பெய்து குளிர்ந்த மாலையில் வரும் "சரி" இன்னொன்று.

சித்தாந்திகளைக் கேட்காமலே உளவியலாளர்களும் இதே இடத்துக்கு வந்திருக்கிறார்கள். ஜஸ்டின் குரூகரும் நிக்கலஸ் எப்லியும் சகாக்களுடன் 2005இல் வெளியிட்ட ஆய்வில், கேலியையும் மெய்யான பேச்சையும் சிலர் மின்னஞ்சலிலும் சிலர் குரலிலும் அனுப்பினார்கள். தங்கள் கேலி புரியும் என்று இரு சாராரும் ஒரே அளவு நம்பினார்கள். குரலைக் கேட்டவர்கள் பெரும்பாலும் சரியாகச் சொன்னார்கள். மின்னஞ்சலைப் படித்தவர்களோ காசைச் சுண்டிப் பார்த்திருந்தாலும் ஏறக்குறைய அதே விடைதான் வந்திருக்கும். எழுதும்போது எழுதுபவரின் காதில் அவருடைய குரல் ஒலித்துக்கொண்டிருக்கிறது, அது தாளில் ஏறவில்லை என்பதை அவர் உணர்வதில்லை என்பதே ஆய்வாளர்களின் விளக்கம். ஒரு வரிச் செய்தியின் கடைசியில் முற்றுப்புள்ளி வைத்தால் அது மனம் ஒட்டாத பதிலாகத் தெரிகிறது என்று 2015இல் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தார் கண்டார்கள். பள்ளிக்கூடத்தில் புள்ளி வைக்காததற்கு அடி வாங்கிய தலைமுறை இதை நம்ப மறுக்கும்.

இந்த விபரீதம் குடும்பச் சண்டையோடு நிற்பதில்லை. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்கு மூன்று வாரங்கள் கழித்து, மே 12ஆம் திகதி, சிலாபத்தில் முஸ்லிம் கடைக்காரர் ஒருவர் பேஸ்புக்கில் எழுதிய மறுமொழி பரவியது. அதிகம் சிரிக்காதே, ஒரு நாள் அழுவாய் என்பது அதன் சாரம், எழுதியிருந்தது ஆங்கிலத்தில். தமிழ் வீடுகளில் குதித்துச் சிரிக்கிற பிள்ளையிடம் தாய்மார் நாளாந்தம் சொல்வது இதைத்தான். வாய்த்தர்க்கத்தில் வீசும் குத்தலாகவும் இது வரும். ஆனால் அந்த வாரத்தில் ஊர் அதை அடுத்த குண்டுக்கான முன்னறிவிப்பாகப் படித்தது. பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டன. எழுதியவர் கைதானார். வன்முறை வடமேல் மாகாணத்தில் பரவ, நாடு முழுவதும் ஊரடங்கு, பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் முடக்கம், ஒருவர் கொல்லப்பட்டார். அந்தக் கடைக்காரர் எந்த எண்ணத்தில் எழுதினார் என்பது அவருக்கே தெரியும். ஊரோ தன் அச்சத்தின் குரலிலேயே அதை வாசித்தது.

அப்படியானால் குரல் பதிந்து அனுப்பினால் எல்லாம் சரியாகிவிடுமா? கிழக்கு மாகாணத்திலேயே அதற்கு எதிர்ச்சான்று இருக்கிறது. 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறையில் ஒரு சாப்பாட்டுக் கடையில், கறியில் கிடந்த கட்டி கருத்தடை மாத்திரைதானே என்று கூட்டம் மிரட்டிக் கேட்டது. சிங்களம் சரியாக வராத, தமிழ் பேசும் முஸ்லிம் கடைக்காரர் தடுமாறி எதையோ ஒப்புக்கொண்டதுபோல் சொன்னார். காணொளியில் முகமும் தெரிந்தது, குரலும் கேட்டது. பார்த்தவர்கள் அதில் வாக்குமூலத்தைக் கேட்டார்கள், பயத்தைக் கேட்கவில்லை. கட்டி மாவுப்பொருள்தான் என்று அரச பகுப்பாய்வாளர் பின்னர் சொன்னபோது பள்ளிவாசலும் கடைகளும் ஏற்கெனவே சேதமாகியிருந்தன. அந்தக் காலத்து வன்முறையில் தங்கள் தளத்துக்கு இருந்த பங்குக்காகப் பேஸ்புக் நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கேட்டது. குரல் உதவும், ஆனால் அந்தக் குரலைக் கேட்டுப் பழகிய காதுக்கே உதவும்.

தொழில்நுட்பக்காரர்கள் தங்களால் ஆனதைச் செய்தார்கள். 1982 செப்டெம்பர் 19 அன்று கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஸ்கொட் ஃபால்மன், பகிடியாகச் சொன்னதைக் காட்டப் புள்ளியும் கோடும் அடைப்புக்குறியும் சேர்ந்த சிரித்த முகத்தை முன்மொழிந்தார். 1999இல் ஜப்பானில் ஷிகெதாக்கா குரிதா 176 சிறுபடங்களை வரைந்தார். 2016இல் பேஸ்புக் விருப்பக்குறியோடு அன்பு, சிரிப்பு, வியப்பு, துயரம், கோபம் என்று ஐந்தைச் சேர்த்தது. தொல்காப்பியம் எண்ணியிருக்கும் மெய்ப்பாடுகள் எட்டு: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பேஸ்புக்கில் இல்லாதவை இளிவரல், அச்சம், பெருமிதம். இந்நாட்டில் நடந்த கலவரங்களைத் தூண்டிவிட்டவை இந்த மூன்றும்தான் என்று சொன்னால் மிகையாகாது. அவமானப்பட்டவனுக்கும் பயந்தவனுக்கும் அழுத்தப் பொத்தான் இல்லை. அவன் கோபத்தை அழுத்துகிறான்.

கூப்பிய கைகளின் கதி இன்னும் வேடிக்கை. ஊர்க் குழுக்களில் அது நன்றி, மன்னிப்பு, கோணேசருக்குக் கும்பிடு, மரண அறிவித்தலுக்கு இரங்கல், போதும் நிறுத்து என்ற வேண்டுகோள், எல்லாமாகவும் இருக்கிறது.

நியாய மரபு பழைய உதாரணம் ஒன்று வைத்திருக்கிறது. சைந்தவம் என்றால் உப்பு, குதிரை இரண்டும். சாப்பாட்டு நேரத்தில் கொண்டுவா என்றால் உப்பு, பயணம் புறப்படும்போது என்றால் குதிரை. சொன்னவரின் கருத்தைப் பிடிக்காமல் வாக்கியப் பொருள் கிடைக்காது என்பதற்காகச் சொன்னது. வட்ஸ்அப்பில் அனுப்பியவர் சாப்பிடுகிறாரா பயணம் போகிறாரா என்பது தெரிவதில்லை; நேரத்தையும் நீலக் குறியையும் மட்டும் திரை காட்டுகிறது. துறைமுகத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. சீனக்குடாவுக்கு எண்ணெயோடு வரும் கப்பல் சிவப்புக் கொடி ஏற்றினால் ஆபத்தான சரக்கு என்று பொருள், உலகம் முழுவதும் அதே பொருள். கப்பித்தான் அதைக் கோபத்தில் ஏற்றினாரா என்று யாரும் யோசிப்பதில்லை. மனிதர் பேச்சை அப்படிக் கொடியாக்கிவிடலாம் என்பதே சிறுபடங்களின் ஆசை. அது நடக்கப்போவதில்லை.

எருக்கத்தம்புலியூர்க் கதை இதைவிடத் தெளிவாக இருக்கிறது. எழுத்துக்கு உயிர் கொடுக்கும் குரல் எழுத்துக்கு வெளியே, முன்பே கேட்டுப் பழகிய ஒருவரிடம் இருக்கிறது. அம்மாவின் "ம்" என்ற ஒற்றை எழுத்துச் செய்தி பிள்ளைக்குப் புரிவது இருபது ஆண்டு அவள் குரலைக் கேட்டதால். முன்பின் குரல் கேட்டிராத ஒருவரின் வரியை வாசிக்கும்போது அந்தச் சேமிப்பு கிடையாது. அந்த வெற்றிடத்தில் பயமும் வன்மமும் வந்து குந்திக்கொள்கின்றன. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் எவரும் பாதிக்கு மேல் இல்லாமல் வாழும் மாவட்டம் திருகோணமலை. சந்தையிலும் மூதூர்ப் படகிலும் ஒருவர் குரலை ஒருவர் கேட்டிருக்கிறார்கள். பேஸ்புக்கில் மட்டும் அந்தக் குரல்களை மறந்து படிப்பது சோம்பலன்றி வேறில்லை.

ஆகவே ஊர்க் குழுக்களை நடத்துகிறவர்களுக்கும் அவற்றில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இரத்தம் கொதிக்க வைக்கும் வரி ஒன்று இரவில் வந்தால் அடுத்த குழுவுக்குத் தள்ளிவிடுமுன் அனுப்பியவரை அழைத்து, "இதை என்னெண்டு சொன்னனீங்கள்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். அவருடைய தொலைபேசி இலக்கம் செய்தியின் மேலுள்ள பெயரைத் தொட்டாலே தெரியும்.