துணிவும் சலுகையும்

கத்தோலிக்கத் திருச்சபை 2022 மே 15 அன்று புனிதராக அறிவித்த தேவசகாயம், இன்றைய குமரி மாவட்டத்து நட்டாலத்தில் 1712இல் பிறந்தவர். திருவிதாங்கூர் அரசில் அலுவல் பார்த்தவர். குளச்சல் போரில் சிறைப்பட்ட டச்சுத் தளபதி டி லனாய் வாயிலாகக் கிறிஸ்தவத்தை அறிந்து, 1745இல் வடக்கன்குளத்தில் அதனைத் தழுவினார். இறைவனின் உதவி என்பது அவர் ஏற்ற பெயரின் பொருள். நம் வீடுகளில் நஸ்ருல்லாஹ் என்று பிள்ளைகளை அழைக்கிறோமே, அதுவேதான்.

1749இல் அவரைச் சிறைப்பிடித்தனர். எருமை மீதேற்றி ஊர்தோறும் இழிவுபடுத்தினர் என்பர். 1752 சனவரி 14இல் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டபோது நாற்பது வயது நிறையவில்லை.

அவருடைய கொள்கை வேறு, நம் மார்க்கம் வேறு. ஆயினும் அவரது துணிவைச் சிந்திக்க நமக்குத் தடையேதுமில்லை. எல்லாரும் அந்த மலையையே பேசுகின்றனர். நமக்கோ அதற்கு முந்திய ஆண்டுகளே பெரிதாகத் தோன்றுகின்றன. உயர்குடியிற் பிறந்தும், ஒதுக்கப்பட்டோரோடு வேற்றுமையின்றிப் பழகினார். மேற்குடியாரின் பகையை மூட்டியது அதுவே.

இத்தகைய வரலாறுகளைக் கேட்கும் எளியவர், தம்மைக் கோழையரென எண்ணிவிடுவதும் உண்டு. மக்காவில் யாசிரும் சுமைய்யாவும் வதைபட்டு உயிர்நீத்தனர். அவர்களின் மகன் அம்மார் (ரலி) வேதனை தாளாது, எதிரிகள் கேட்ட சொல்லை நாவாற் சொல்லிவிட்டு, நபி (ஸல்) அவர்களிடம் அழுதபடி வந்தார். நெஞ்சம் ஈமானில் அமைதியுற்றிருந்ததால் அவர்மீது குற்றமில்லை என்றாயிற்று. ஃபிக்ஹு அறிஞர் இதனை ருக்ஸத், அதாவது சலுகை என்பர். உறுதியாய் நின்று உயிர்விடுவதை அஸீமத் என்பர். ஆனால் சலுகைக்கு ஓர் எல்லை வகுத்தனர். நிரபராதி ஒருவனைக் கொல்லுமாறு வற்புறுத்தப்பட்டால், தன்னுயிர் காக்க அவனுயிரை எடுக்க யாருக்கும் அனுமதியில்லை.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, "வம்புக்குப் போகாதே, வாயை மூடிக்கொண்டிரு" என்று தொலைபேசியில் சொல்லும் பெற்றோர் இவ்வெல்லையை அறிய வேண்டும். தன் மிகைநேரக் கூலி குறைந்ததைப் பொறுத்துக்கொள்பவனை நாம் பழிக்கமாட்டோம். அவன் வீட்டில் அடுப்பெரிய வேண்டும். பிரஸ் எந்திரத்தின் பாதுகாப்பு மறைப்பை வேகத்துக்காகக் கழற்றச் சொன்னாலோ, போகப்போவது அடுத்த ஷிஃப்டில் வரும் பீகார்ப் பிள்ளையின் விரல். அதற்கு இணங்குவது கொலையன்று என்பது உண்மையே. எனினும் பிறர் விரலை விட்டுக்கொடுக்கும் சலுகையை இவனுக்கு அளித்தவர் யார்?

2021 டிசம்பரில் அதே ஸ்ரீபெரும்புதூர்ப் பகுதியில், விடுதி உணவால் தோழியர் நோயுற்றபோது, இளம்பெண்கள் திரண்டு சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தனர். அவர்களுள் நோயுறாதவர்களும் இருந்தனர். மருத்துவமனைக்குச் சென்ற தோழியரின் கதி என்ன என்பதே அவர்கள் கேட்டது.