பக்கத்து எண்ணின் பாவம்

ஊரை விட்டு ஒதுக்கிவைக்கும் வழக்கம் மின்னஞ்சலிலும் உண்டு. அனுப்பும் சர்வரின் ஐபி எண்ணைப் பெறும் சர்வர் தலைகீழாகத் திருப்பி, தடுப்புப் பட்டியலின் டிஎன்எஸ்ஸில் கேட்கும். 127.0.0.2 என்று பதில் வந்தால் பெரும்பாலும் கதவடைப்புதான். கடிதத்தில் என்ன இருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை.

2000-களின் தொடக்கத்தில் இயங்கிய ஸ்பியூஸ் இன்னும் மேலே போனது. ஸ்பேம் அனுப்புபவனை நிறுவனம் வெளியேற்றாவிட்டால், அதன் மற்ற வாடிக்கையாளர்களின் எண்களும் பட்டியலில் ஏறும். அப்பாவிகள் கத்தினால்தான் முதலாளி அசைவான் என்பது கணக்கு. நடத்தியவர்கள் யாரென்றே வெளியில் தெரியாது.

என் வீட்டுக் கதவை யாருக்குத் திறப்பது என்பது என் உரிமை. பட்டியல்கள் இல்லாவிட்டால் இன்பாக்ஸ் குப்பைமேடாகிவிடும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆயிரம் வீடுகள் ஒரே பட்டியலைப் பார்த்துக் கதவைச் சாத்தினால் அது விருப்பமா, தீர்ப்பா? தீர்ப்புன்னா குற்றம் என்னன்னு சொல்லணும், முறையிட ஆள் வேணும், வெளியே வர வழி வேணும். 2012-இல் வந்த ஆர்எஃப்சி 6471-உம் ஏறக்குறைய இதைத்தான் கேட்கிறது: விதிகள் வெளிப்படையாக இருக்கட்டும், பெயரை நீக்கக் காசு வாங்காதீர்கள்.

அழுத்தம் பலித்திருக்கலாம். ஆனாலும் ஒருவனைத் திருத்த இன்னொருவனின் வலியைக் கருவியாக்குவதை நீதி என்று அழைக்க எனக்கு வாய் வரவில்லை.