மாறிலிக்குள் ஒரு மாற்றம்

நிரல் எழுதப் பழகுகிறவர்கள் தொடக்கத்திலேயே படிக்கும் பாடம் இது: மதிப்பு மாறினால் மாறி, மாறாவிட்டால் மாறிலி. கிரிக்கெட் ஸ்கோர் மாறி, பை (π) மாறிலி.

ஜாவாஸ்கிரிப்டில் இந்த விளக்கம் போதவில்லை. 2015-இல் வந்த அதன் ஆறாம் பதிப்பு ‘கான்ஸ்ட்’ என்ற அறிவிப்பைத் தரப்படுத்தியது. அப்படி அறிவித்த ‘கூடை’ என்ற பட்டியலில் மாம்பழத்தைச் சேர்க்கலாம், வாழைப்பழத்தை எடுக்கலாம், எல்லாவற்றையும் கொட்டிக் காலியாக்கலாம், கணினி தடுப்பதில்லை. ‘கூடை’ என்ற பெயரை வேறொரு பட்டியலுக்குச் சூட்டப் போனால்தான் பிழை காட்டி நின்றுவிடும். ஆக, அங்கே மாறாதது பொருள் அல்ல, பெயருக்கும் பொருளுக்கும் உள்ள கட்டு.

மிலிந்தன் என்று பாலி நூல் அழைக்கும் கிரேக்க அரசன் மெனாண்டரிடம் பௌத்தத் துறவி நாகசேனர் கேட்டதும் பெயருக்கும் பொருளுக்கும் உள்ள இந்தக் கட்டைப் பற்றியதுதான். நீ ஏறிவந்த தேரில் அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா? எதுவும் இல்லை. உறுப்புகள் கூடியிருக்கையில் வழங்கும் பெயரே தேர். மனிதனும் அப்படித்தான் என்கிறார் துறவி. உள்ளே நிலையான ஆன்மா என்று ஒன்றை அவர் ஏற்பதில்லை.

சைவ சித்தாந்தம் இதை மறுக்கிறது. ஆன்மா அநாதி, அழியாதது. ஆனால் அதே சித்தாந்தம் ஆன்மாவைச் ‘சார்ந்ததன் வண்ணமாவது’ என்றும் சொல்கிறது: ஆன்மாவைப் பிணிக்கும் அழுக்கான மலத்தைச் சார்ந்தால் மலத்தின் இயல்பு, சிவத்தைச் சார்ந்தால் சிவத்தின் இயல்பு. நிலைத்திருப்பதும் மாறுவதும் ஒரே பொருளில் கூடும் என்ற இந்தத் துணிச்சலான எண்ணம், அந்தக் கூடைக்கு மிக அருகில் நிற்கிறது.