பிறவாதவர் பங்கு

பசிபிக் பெருங்கடலில் நவூரு என்றொரு குறுந்தீவு உண்டு. பரப்பு 21 சதுர கிலோமீட்டர்தான். அதன் மேட்டுநிலத்தில் பன்னெடுங்காலமாகத் திரண்டு கிடந்த பாஸ்பேட், 1907 முதல் கப்பலேறி அயல்நாட்டு வயல்களுக்கு உரமாயிற்று. முதலில் ஜெர்மானியர் ஆண்டனர். பின்னர் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியவற்றின் பொறுப்பில் தீவு இருந்தது.

1968இல் விடுதலை கிட்டிற்று. சுரங்கமும் விரைவில் சொந்தமாயிற்று. செல்வம் குவிந்தது. வருங்காலத்திற்கென நிதியமும் அமைத்தனர். ஆனால் அது தவறான முதலீடுகளிலும் கடனிலும் கரைந்தது. மெல்போர்னில் எழுப்பிய வானளாவிய மாளிகையும் 2004இல் கைமாறிற்று. மேட்டுநிலமோ இன்று பெரும்பாலும் கூரிய சுண்ணாம்புப் பாறைகளாய் நிற்கிறது.

குற்றம் யாருடையது? அந்நியர் கொண்டுபோனது மெய். 1989இல் அனைத்துலக நீதிமன்றம் ஏறிய வழக்கில், 1993இல் ஆஸ்திரேலியா இழப்பீட்டுக்கு இசைந்தது. எனினும், பிறர் இழைத்த அநீதி நம் கடமையைத் தள்ளுபடி செய்துவிடுமா?

அவ்வாறாயின் வறிய நாடு தன் தாதுவைத் தொடாமல் பட்டினி கிடப்பதா? வேண்டியதில்லை. விளைச்சலை உண்ணலாம், விதைநெல்லை உண்ணலாகாது. தாது மீண்டும் முளைப்பதில்லை. ஆகவே அதன் விலை கல்வியாக, செப்பனிட்ட நிலமாக, நிலைத்த தொழிலாக உருமாறியாக வேண்டும்.

பிறவாதவர்க்கு வாக்குரிமை இல்லை; வழக்காட நாவும் இல்லை. அதனாலேயே அவர்தம் பங்கு நம் கையில் அமானிதமாகிறது. அதைக் காப்பது ஈகையன்று, கடன்.