ஏஸைப் போடுமுன்

பிரிட்ஜில் பல ஆட்டங்கள் முதல் பிடியிலேயே கைநழுவிப் போகின்றன. 3 நோ டிரம்ப் ஏலம் எடுத்துவிட்டீர்கள். 9 பிடி வேண்டும். இடப்பக்க எதிரி இஸ்பேட் ராஜாவை இறக்குகிறார். டம்மியில் இரண்டு சின்ன இஸ்பேட், உங்களிடம் ஏஸும் இரண்டு சின்னதும். கை தானாக ஏஸுக்குப் போகும், விடாதீர்கள். முதலில் உறுதியான பிடிகளை எண்ணுங்கள். ஏழுதானா? மீதி இரண்டைத் தேடும்போது ஆட்டம் யார் கைக்குப் போகும்? வேறெந்த உத்தியையும்விட இந்தக் கேள்வியைத்தான் நான் முதலில் கற்றுக்கொடுப்பேன். வலப்பக்கம் என்றால் ஏஸை மூன்றாம் சுற்றுவரை பொத்தி வையுங்கள். வெளியே உள்ள 8 இஸ்பேடில் இடப்பக்கம் 5, வலப்பக்கம் 3 இருந்தால், அதன்பின் வலப்பக்கத்தவர் ஆட்டத்தைப் பிடித்தாலும் திருப்பிப் போட அவரிடம் இஸ்பேட் இருக்காது.