"என் உயிர்தானே?"

காவிரி நம் பூதலூர் வயல்களுக்கு வந்து சேருமுன், கர்நாடகத்து மேகதாதுவில் இரு பாறைகளுக்கிடையே ஒடுங்கிச் சீறிப் பாய்கிறது. ஆடு தாண்டும் இடமென்று கன்னடத்தில் பொருள். அர்க்காவதி வந்து கலக்கும் சங்கமத்திலிருந்து ஏறக்குறைய 4 கிலோமீட்டர் போகவேண்டும். வழுக்குப் பாறையிலும் நீர்ச்சுழலிலும் அங்கே மாண்டவர் பலர்.

அங்கே தனியே போகத் துணிந்த வாலிபனைத் தாய் தடுக்கிறாள். "என் உயிர்தானே?" என்கிறான்.

தனிமை குற்றமன்று. சேசுநாதரே ஜனங்களை அனுப்பிவிட்டு, ஜெபிக்கத் தனியே மலைக்குப் போனார். அவரே, தேவாலய உச்சியிலிருந்து குதிக்கும்படி பசாசு தூண்டியபோது மறுத்துவிட்டார். ஆகையால் குறை தனிமையில் இல்லை. 'என்' என்ற சொல்லில் இருக்கிறது. இவன் தவறி விழுந்தால், சுழலில் இறங்கித் தேடுகிறவன் வேறொரு தாயின் பிள்ளையல்லவா?

அதற்காக மகனைக் கட்டிப்போடுவதும் நியாயமாக எனக்குத் தோன்றவில்லை. நம் பயத்தையே பாசமென்று எண்ணிக்கொள்ளும் பெற்றோர் நாம் (நானும் அதில் ஒருவன்). போகட்டும். எந்த வழி, என்று திரும்புவான் என்பதை வீட்டில் சொல்லிவிட்டுப் போகட்டும். ஆனால் கிருஷ்ணராஜசாகரம் திறந்தது, மேட்டூர் நிரம்புமென்று நாம் இங்கே மகிழ்கிற நாளில், அந்தப் பாறைகளின் பக்கம் அவன் போகவேண்டாம்.