இரண்டு பேரீச்சம் பழங்கள்

பசித்த ஒருவன் முன் இரண்டு பேரீச்சம் பழங்கள். அளவு, நிறம், கைக்கெட்டும் தூரம் எல்லாம் ஒன்றே. ஒன்றைத்தான் எடுக்கலாம். எதை எடுப்பான்? இமாம் கஸ்ஸாலி 1095இல் எழுதி முடித்த 'தஹாபுதுல் பலாஸிபா'வில் வரும் உதாரணம் இது. காரணமின்றித் தெரிவில்லை என்ற தத்துவவாதிகளுக்கு அவர் சொன்ன பதில்: ஒத்த இரண்டில் ஒன்றைப் பிரித்தெடுப்பதே நாட்டத்தின் இயல்பு. ஐரோப்பாவில் புரிதானின் பெயரால் வழங்கும் கதையில், கழுதை இரண்டு வைக்கோல் கட்டுகளின் நடுவே பட்டினி கிடந்து செத்தது. கஸ்ஸாலியின் மனிதனோ சாப்பிட்டுவிடுவான்.

உயர்தரப் பெறுபேறு வந்ததும் திருகோணமலைக்கு வடக்கே, குச்சவெளி தாண்டிய எங்கள் பக்கத்து வீடுகளிலும் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது. பல்கலைக்கழக விண்ணப்பத்தில் விருப்ப வரிசை எழுதவேண்டும். கலைப் பிரிவுப் பிள்ளைக்கு முதலில் வந்தாறுமூலையா, ஒலுவிலா? இரண்டிலும் கலை கலாசார பீடம் என்றே பெயர். இரண்டிலும் புவியியல் உண்டு, சமூகவியல் உண்டு. பட்டம் பெற்றபின் இரண்டு பிள்ளைகளும் ஒரே வேலைவாய்ப்பு வரிசையில்தான் நிற்கப்போகிறார்கள்.

திரியாயில் ஒரு தகப்பன் என்னிடம் சொன்னார்: "வந்தாறுமூலைதான் சேர், எங்கட சனம் இருக்கிற இடம்." சில மைல் வடக்கே புல்மோட்டையில் ஒரு உம்மா சொன்னார்: "ஒலுவில்தான் சேர், நம்மட ஆக்கள் படிக்கிற இடம்." ஊர்ப் பெயரை மாற்றினால் இரண்டும் ஒரே வாக்கியம்.

இந்த அச்சம் வெறும் கற்பனையல்ல. திரியாய் 1985இல் எரிக்கப்பட்டு, சனங்கள் இடம்பெயர்ந்த ஊர். 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அடுத்த மாதமே வந்தாறுமூலை வளாகத்தில் தஞ்சமடைந்திருந்த 158 தமிழர்கள் கொண்டுசெல்லப்பட்டார்கள், அவர்கள் திரும்பவில்லை. 1981இல் கல்லூரியாகத் தொடங்கி 1986இல் பல்கலைக்கழகமான கிழக்குப் பல்கலைக்கழகத்தில் முஸ்லிம் மாணவர்கள் தொடர்ந்து படிக்க முடியாமற்போன சூழலில்தான், மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரபின் முயற்சியால் 1995இல் ஒலுவில் பிறந்தது. தேவையால் பிறந்த நிறுவனம் அது. அதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை.

கஸ்ஸாலிக்கு இப்னு ருஷ்து ஒரு மறுப்பு எழுதினார். பசித்தவன் ஒரு பழத்தை விட்டு மற்றதைத் தெரியவில்லை. பட்டினியை விட்டு உணவைத் தெரிந்தான், எதை எடுத்தாலும் அவன் நோக்கம் நிறைவேறும் என்பது அவர் வாதம். பெற்றோருக்கு இது நல்ல ஆறுதல். பெரிய தெரிவை அவர்கள் முன்பே செய்துவிட்டார்கள். பிள்ளையை, அதுவும் பெண்பிள்ளையை, உயர்தரம் வரை படிக்கவைத்தபோதே அது முடிந்துவிட்டது.

ஆனால் ஓரிடத்தில் இந்த உதாரணம் பொருந்தாது. யார் எடுத்தாலும் பேரீச்சம் பழம் மாறாது, கல்லூரி மாறும். அதில் சேருகிறவர்கள்தான் கல்லூரி. தமிழ் வீடுகளெல்லாம் ஒன்றையும் முஸ்லிம் வீடுகளெல்லாம் மற்றதையும் முதலில் எழுதினால், ஒத்திருந்த இரண்டும் ஒவ்வாதவையாகிவிடும். தனித்தனியே பார்த்தால் எந்த வீட்டிலும் குற்றமில்லை. எல்லாவற்றையும் கூட்டினால் நடுவே ஒரு மதில் நிற்கிறது. யாரும் கட்டாத மதில், எல்லாரும் ஆளுக்கொரு கல் வைத்த மதில்.

அதற்காக, மதிலை இடிக்கும் வேலையைப் பத்தொன்பது வயதுப் பிள்ளையின் தோளில் ஏற்றவும் கூடாது. சமூகத்தின் கடனைப் பிள்ளையிடம் வசூலிப்பது அநியாயம். நாம் கேட்கக்கூடியது சிறியது: அச்சத்தால் எடுத்த முடிவுக்குத் தரம், வசதி என்று வேறு பெயர் வைக்காதிருப்பது. அச்சத்தை அச்சம் என்றே சொன்னால், அது இன்னும் அவ்வளவு பெரிதா என்று அளந்து பார்க்கலாம். இன்று ஒலுவிலில் தமிழ், சிங்களப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். வந்தாறுமூலையில் முஸ்லிம் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் நம்மைவிட முன்னே போய்விட்டார்கள்.

இஸ்திகாரா துஆவில் நாம் காரணங்களைக் கேட்பதில்லை. நலவு எங்கிருக்கிறதோ அதை எளிதாக்கித் தரும்படியும், அதில் மனத்தைப் பொருந்தவைக்கும்படியும் கேட்கிறோம். "எங்கிருக்கிறதோ" என்பதற்குள் வந்தாறுமூலையும் ஒலுவிலும் அடங்கும். முடிவை முன்பே மனத்தில் பூட்டிவைத்துக்கொண்டு தொழுகிறவர் அந்த இரண்டு றக்அத்துக்களால் எதைக் கேட்கிறார்?